ஹானா சாலையும் வழிகாட்டும் குரலும்

வழி சொல்லுதல் எளிய செயலெனப் பலர் எண்ணுவர். நம் முன்னோர் அவ்வாறு எண்ணினாரல்லர். அதனைத் தனியோர் இலக்கிய வகையாகவே வளர்த்தனர். ஆற்றுப்படை என்னும் பெயரில் ‘ஆறு’ என்றது வழியையே. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. முன்னே சென்று மீண்டவன், பின்னே செல்பவனுக்கு வழியின் இயல்பையும் இடரையும், வழியில் வாழ்வாரின் பண்பையும், இறுதியிற் கிட்டும் பயனையும் எடுத்துரைப்பதே அதன் அமைப்பு.

இன்று சுற்றுப்பயணிகளின் கார்களில் ஒலிக்கும் பதிவுக்குரல் வழிகாட்டிகள் செய்வதும் இவ்வேலைதான். வாடகைக் காரைத் தாமே ஓட்டிச் செல்லும் குடும்பத்தாருக்குக் கைப்பேசியிலிருந்து ஒரு குரல் வழியும் கதையும் சொல்லிக்கொண்டே வருகிறது. இது விளையாட்டுப் பொருள், திறனாய்வுக்கு உரியதன்று என்று ஒதுக்குவாருண்டு. அவர் கருத்து நமக்கு உடன்பாடன்று. ஓர் ஊரைப் பற்றி அறிஞர் எழுதிய நூலைப் படிப்பவர் சிலர். அவ்வூருக்குச் செல்லும் வழியில் இக்குரலைக் கேட்பவரோ பலர். அவ்வூரைப் பற்றி வெளியார் எதனை நம்புவர் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இக்குரலே. ஆதலின் இதனையும் ஒரு நூலாகக் கொண்டு குணமும் குற்றமும் நாடுதல் முறையாகும்.

ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொள்வது ஹவாயித் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த மவுயித் தீவின் கீழைக் கரைச் சாலை. ஹானா சாலை என்பது அதன் பெயர். கஹுலுயி நகரிலிருந்து ஹானா என்னும் சிற்றூர் வரை அதன் நீளம் ஏறத்தாழ 52 மைல். இவ்வளவு குறுகிய தொலைவில் 600க்கு மேற்பட்ட வளைவுகள், 59 பாலங்கள். அப்பாலங்களுள் 46 ஒரே நேரத்தில் ஒரு வண்டி மட்டும் கடக்கத் தக்கவை. ஒரு பக்கம் ஹலேயாக்கலா என்னும் பேரெரிமலையின் ஈரச் சரிவு; மறுபக்கம் பசிபிக்குப் பெருங்கடல். 1926ஆம் ஆண்டில் சாலை ஹானாவை எட்டியது. 2001இல் அமெரிக்க நாட்டின் வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. இதனைப் பற்றிய ஒலிவழிகாட்டிகள் ஒன்றல்ல, பல. தீவைச் சுற்றிப் பார்க்க வருவோரிடையே இவற்றுக்கு இருக்கும் செல்வாக்குப் பெரிது.

முதலில் குணத்தைக் கூறிவிடுவோம். ஒலிநாடாக் காலத்தில் வழிகாட்டிப் பதிவைக் கேட்பவர், மைற்கல்லைப் பார்த்துப் பார்த்துத் தாமே கருவியை நிறுத்தியும் முடுக்கியும் வரவேண்டியிருந்தது. ஹானா சாலையிலோ மைற்கல்லே பயணியை ஏமாற்றும். கஹுலுயியிலிருந்து 16 மைல் சென்றதும் சாலையின் எண் 36 என்பது 360 என மாறுகிறது. மைற்கற்களும் சுழியிலிருந்து மீண்டும் தொடங்குகின்றன. அச்சிட்ட கைந்நூலை மட்டும் நம்பிச் சென்று, பத்தாம் மைலில் உள்ள அருவியை முதற் பகுதியின் பத்தாம் மைலில் தேடுபவர் அதனை எப்படிக் காண்பார்? இன்றைய கருவி இத்தொல்லையைப் போக்கிவிட்டது. துணைக்கோள்கள் அனுப்பும் குறிகளைக் கொண்டு கைப்பேசி தான் இருக்கும் இடத்தை அறிகிறது. வழிநெடுகக் கண்ணுக்குப் புலனாகாத வட்டங்கள் வரையப்பட்டுள்ளன. கார் ஒரு வட்டத்துள் நுழைந்ததும் அதற்குரிய பேச்சு தானே தொடங்கும். சாலையின் பெரும்பகுதியில் தொலைபேசித் தொடர்பு கிடையாதாகையால், விடுதியில் இருக்கும்போதே பதிவு முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்கின்றனர். ஓட்டுபவர் கண் சாலையிலேயே இருக்கிறது. இத்தகைய சாலையில் அதுவே உயிர் காக்கும் உதவி என்பதை எவரும் மறுக்கார்.

எச்சரிக்கை சொல்லுவதிலும் இக்குரல்களுக்குக் குறை காண்பதற்கில்லை. ஒற்றை வழிப் பாலத்தில் யார் முதலில் செல்வது, மலையில் மழை பெய்தால் கீழே வானம் தெளிந்திருந்தாலும் ஓடை திடீரெனப் பெருகும் என்பது, பின்னே வரும் ஊரார் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடல் ஆகியவற்றை நல்ல பதிவுகள் உரிய இடத்தில் சொல்லுகின்றன. இருநூறு சொல்லிற் சொல்லவேண்டியதை இருபது சொல்லிற் சொல்லவும் அவை கற்றிருக்கின்றன. நம் மேடைப் பேச்சாளர் சிலருக்கு இப்பயிற்சி கிடைத்தால் நன்று.

இனி, அளவுகோல் ஒன்று வேண்டும். ஆற்றுப்படைகளுள் நம் ஆய்வுக்கு மிகவும் நெருங்கியது மலைபடுகடாம். நன்னன் வேண்மானைக் காணச் செல்லும் கூத்தருக்குப் பெருங்கௌசிகனார் சொல்லும் மலைவழி அது. 583 அடிகளைக் கொண்டது. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் புற்று, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை என இடர்களை ஒவ்வொன்றாக அது சொல்லிச் செல்லுகிறது. எந்த வீட்டில் எவ்வுணவு கிடைக்கும் என்பதும் அதில் உண்டு. இன்றைய பதிவுக்குரல், கெயனாயி என்னும் ஊரில் வாழைப்பழ ரொட்டி வாங்கச் சொல்லுவதைக் கேட்கும்போது இவ்வுறவு நமக்குத் தெளிவாகிறது.

ஆனால் மலைபடுகடாத்தில் மற்றொன்றும் உண்டு. அதன் பெயரே ஒலியைப் பற்றியது. மலையை யானையாகவும், மலையில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகம் செய்த பெயர் அது. அருவியின் ஓசை, தேன் எடுக்கும் குறவர் ஆரவாரம், புலியால் புண்பட்ட கணவனின் நோய் தீரப் பெண்கள் பாடும் பாட்டு, குட்டியை விடரில் இழந்த மந்தியின் கூக்குரல், தினை குற்றுவாரின் வள்ளைப் பாட்டு எனப் புலவர் ஓசைகளை அடுக்கிக்கொண்டே போகிறார். இவற்றை நீங்கள் கேட்பீர்கள் என்று கூத்தருக்குச் சொல்லுகிறார். அஃதாவது, வழிகாட்டி வழிச்செல்வாருடைய காதைத் திறந்து விடுகிறார். கூத்தரும் இசைவாணர், அவர்க்கு இதைவிடச் சிறந்த பரிசு வேறில்லை.

இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் ஹானா சாலையின் பதிவுகளிற் பெரும்பாலானவை தோற்றுப்போகின்றன. அவை காதைத் திறக்கவில்லை, நிரப்புகின்றன. கதை முடிந்தால் தளர்நரம்புக் கித்தார் இசை. இசை முடிந்தால் நகைச்சுவை. நகைச்சுவை முடிந்தால் அடுத்த நிறுத்தத்தின் அறிவிப்பு. ஓட்டுபவர் சலிப்படைவார் என்னும் அச்சமே இதற்குக் காரணம் போலும். ஐம்பத்திரண்டு மைலைக் கடக்க இரண்டரை மணியோ மூன்று மணியோ ஆகும். அவ்வளவு நேரமும் சன்னலை மூடி, குளிர்காற்றை முடுக்கி, குரலைக் கேட்டுக்கொண்டே செல்பவருக்கு மூங்கிற் காட்டில் காற்று புகும் ஒலியும், பாலத்தின் அடியில் நீர் விழும் ஒலியும், கருங்கல் கரையில் அலை கூழாங்கற்களை உருட்டும் ஒலியும் எட்டுவதில்லை. “இங்கே சன்னலைத் திறவுங்கள், அடுத்த இரண்டு மைல் நான் பேசப்போவதில்லை” என்று ஒரு குரல் சொல்லுமானால் அதனையே முதன்மையானதென்று நாம் மதிப்பிடுவோம். பேச்சை விலைக்கு விற்பவர் மௌனத்தையும் சேர்த்து விற்கத் தயங்குகின்றனர்.

நிற்க. மௌனத்தைவிடப் பெரிய குற்றம் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. பெயர்களை எடுத்துக்கொள்வோம். ஹானாவுக்கு அப்பால், கீப்பாஹுலு என்னும் இடத்தில் ஓஹேயோ என்னும் ஓடை, பாறைப் படிகளில் குளம் குளமாக இறங்கிக் கடலிற் கலக்கிறது. 1969இல் ஹலேயாக்கலா தேசியப் பூங்காவில் சேர்க்கப்பட்ட பகுதி இது. இதற்கு ‘ஏழு புனிதக் குளங்கள்’ என்று ஒரு பெயர் உலகெங்கும் வழங்குகிறது. குளங்கள் ஏழல்ல, அதற்கும் மேல். புனிதக் குளங்கள் என்பதும் ஊர்வழக்கன்று. சுற்றுலாத் தொழிலில் ஈடுபட்டோர் ஆள் சேர்ப்பதற்காகச் சூட்டிய பெயரே அது. இன்றைய பதிவுகளிற் சில இவ்வுண்மையைச் சொல்லத்தான் செய்கின்றன. ஆயினும் தலைப்பில் மட்டும் அந்தப் பழைய பெயரையே வைத்துக்கொள்கின்றன! பொய்யென்று தாமே சொல்லும் ஒன்றைப் பெயர்ப்பலகையில் ஏன் தொங்கவிடவேண்டும்? தேடுவோர் அப்பெயரால் தேடுகின்றனர் என்பது அவர் விடை. வணிகருக்கு அது விடையாகலாம், வழிகாட்டிக்கு ஆகாது. ஹவாயி மொழியில் ஓர் ஊர்ப்பெயருள் காற்றும் மழையும் மன்னரும் கதையும் அடங்கியிருக்கும். உயிரெழுத்தின் நெடிலைக் குறிலாக்கினாலும், இடையே தொண்டையில் நிற்கும் ஒலியை விழுங்கினாலும் பொருள் வேறாகிவிடும். லகர ழகர வேறுபாட்டுக்காக வாதிடும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பதிவைப் படிக்கும் குரல் ஊராருடையதாக இருக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதும் இதனாலேதான்.

இனி உழைப்பின் கதைக்கு வருவோம். சாலையின் தொடக்கப் பகுதியில் மாலிக்கோ என்னும் ஆழ்ந்த பள்ளத்தாக்கு உண்டு. 1876 முதல் 1878 வரை, மலைச்சரிவின் நீரைத் தீவின் நடுவேயுள்ள கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்ல அலெக்சாந்தர், பால்டுவின் என்னும் தோட்ட முதலாளிகள் இருவர் ஹமாக்குவாக் கால்வாயை வெட்டுவித்தனர். மாலிக்கோப் பள்ளத்தில் கயிற்றைப் பற்றி இறங்கத் தொழிலாளர் அஞ்சினராம். சருக்கரை ஆலையின் உருளையில் வலக்கையை இழந்திருந்த பால்டுவின், ஒற்றைக் கையால் கயிற்றைப் பற்றித் தாமே இறங்கிக் காட்டினாராம். கேட்போர் மயிர்க்கூச்செறியும் கதை. மவுயியின் வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படுவது. கதை சொல்லும் எந்தக் குரலும் இதனை விடுமா? முதலாளி ஒரு முறை இறங்கினார், கதை ஆயிற்று. அவரைக் கண்டு நாணி, நாள்தோறும் அக்கயிற்றில் இறங்கி ஏறியவர் யார்? அவர்க்குப் பெயரில்லை. அக்கால்வாயை ஒட்டி அடுத்தடுத்து எழுந்த கால்வாய்களும் மலையைக் குடைந்த சுரங்கங்களும் சேர்ந்து 74 மைல் நீளும். அவற்றை வெட்டியவர் ஹவாயரும் சீனரும் ஜப்பானியரும் ஆவர். ஹானா சாலை அமைப்பதிலும் கைதிகளை வேலை வாங்கினர். கெயனாயியில் அவர்களுக்கெனச் சிறைக்கூடாரம் இருந்தது. காடழித்துத் தோட்டம் போட்டவர் வழியில் வந்த மலாயாத் தமிழன் இக்கதையைக் கேட்கும்போது முதலாளியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கமாட்டான்.

இக்கால்வாய்தான் இச்சாலையின் உண்மையான கதை என்பது நம் கருத்து. ஏனெனில், பயணி இங்கே காண வருவது நீரை. ஒவ்வொரு வளைவிலும் ஓர் ஓடை. ஓடைதோறும் ஓர் அருவி. பதிவுக்குரலும், “அடுத்த பாலத்தில் வண்டியை மெதுவாகச் செலுத்துங்கள், இடப்புறமும் வலப்புறமும் அருவி தெரியலாம்” என்கிறது. சென்று பார்த்தால் சிலபோது வெறும் பாறை. மழை குறைந்திருந்தால் அருவி வற்றியிருக்கும் என்று குரல் அமைதி கூறும். அது பாதி உண்மை. பாலத்துக்கு மேலே, பயணியின் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், ஓடையின் குறுக்கே மடை கட்டி, நீரைக் கால்வாயிலே திருப்பி, 1878 முதல் கரும்புக்குப் பாய்ச்சி வந்தனர் என்பது மற்றப் பாதி. மழையைக் குற்றம் சொல்லி மடையை மறைப்பது வழிகாட்டிக்கு அழகாகுமா?

நீரை இழந்தவர் யார் என்பதையும் சொல்லவேண்டும். கெயனாயி, வைலுவாநுயி என்னும் ஊர்களில் கலோ என்னும் சேம்பினக் கிழங்கை, நெல் வயலைப் போன்ற பாத்திகளில் நீர் நிறுத்திப் பயிரிடுகின்றனர். அவர்தம் உணவாகிய போயி இக்கிழங்கை இடித்துச் செய்வதே. நிறுத்திய நீர் என்றாலும் அது நில்லாது ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். நீர் சூடேறினால் கிழங்கு அழுகிவிடும். ஹவாயர் கதைப்படி, இறந்து பிறந்த ஒரு குழந்தையைப் புதைத்த இடத்தில் முளைத்தது கலோ. அதற்குப் பின் பிறந்த தம்பியே மனித குலத்தின் முன்னோன். அஃதாவது, பயிர் அண்ணன், மனிதன் தம்பி. இக்கதையைப் பதிவுகள் இனிமையாகச் சொல்லுகின்றன, குறை கூறுதற்கில்லை. ஆனால் அண்ணனின் வாயிலிருந்து நீரைப் பறித்த கதையைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. 2001இல் இவ்வூர்களின் உழவர் 27 ஓடைகளுக்காக அரசின் நீர் ஆணையத்திடம் முறையிட்டனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2016இல் மவுயியின் கடைசிக் கரும்புத் தோட்டம் மூடப்பட்டது. கரும்பே இல்லாத நிலையிலும் நீர் எங்கே செல்லவேண்டும் என்னும் கேள்வி தீரவில்லை. 2018 ஜூனில் ஆணையம் தீர்ப்பளித்து, கலோ விளையும் 10 ஓடைகளில் நீரை முழுமையாகத் திரும்ப விடவேண்டும் என்றது. வழக்குகள் அத்துடன் ஓய்ந்துவிடவுமில்லை. கெயனாயி முனையின் பசும் பாத்திகளை மேலிருந்து காட்டி, “படமெடுக்க ஏற்ற இடம்” என்று ஒரு குரல் சொன்னால் அது பொய்யன்று. ஆயினும் அப்பசுமைக்காக மூன்று தலைமுறை பட்ட பாட்டைச் சொல்ல ஒரு நிமிடம் போதுமே! வாழைப்பழ ரொட்டிக்குக் கொடுக்கும் நேரத்தில் அது அடங்கும்.

இதனை நாம் வெறும் அரசியலாகக் கருதவில்லை. கதையின் கட்டுக்கோப்புக்கே இது தேவை. ஹானாத் துறையை ஒட்டிக் கவுயிக்கி என்னும் செந்நிறக் குன்று ஒன்று நிற்கிறது. முதலாம் கமேஹமேஹா மன்னரின் பெருந்தேவியும், 1819இல் ஆண்களும் பெண்களும் உடனிருந்து உண்ணலாகாது என்ற பழைய விலக்கை உடைத்தவருமாகிய கவஹுமானு பிறந்த இடம் அது. மவுயி மன்னர் கஹெக்கிலி, பகைவர் கையிலிருந்த அக்குன்றை மீட்டது அதன் நீரூற்றுகளைத் தடுத்தே. தொடக்கத்தில் மாலிக்கோக் கால்வாய், நடுவே கெயனாயிப் பாத்தி, முடிவில் கவுயிக்கியின் ஊற்று: நீர் என்னும் ஒரே நூலில் சாலை முழுவதையும் கோத்துவிடலாம். கோப்பார் இல்லாமையால் மணிகள் சிதறிக் கிடக்கின்றன. ஓர் இடத்தில் அரசியின் பிறப்பு. அடுத்த வளைவில் எந்தத் திரைப்பட நடிகர் எங்கே வீடு வாங்கினார் என்னும் செய்தி! 1974இல் கீப்பாஹுலுவில் அடக்கம் செய்யப்பெற்ற வானோடி லிண்டுபெர்க்கின் கல்லறையை நாடிச் செல்லும் பயணிகள் பலர். போலினீசியாவிலேயே மிகப் பெரிய கோயில்மேடை எனக் கருதப்படும் பீயிலானிஹலே, ஹானாவுக்கு முன்பே, சாலையை விட்டுச் சற்று விலகிக் காஹானுத் தோட்டத்துள் இருக்கிறது. முன்னதற்கு ஐந்து நிமிடப் பேச்சும் பின்னதற்கு அரை நிமிடமும் ஒதுக்கும் பதிவை என்னென்பது?

எங்கே நிற்கலாம், எங்கே நிற்கலாகாது என்பதில் முன்னைவிட இப்போது பொறுப்புக் கூடியிருக்கிறது. வேலியைத் தாண்டித் தனியார் நிலத்தின் வழியே குளத்துக்குச் செல்ல இரகசிய வழி சொல்லுவது ஒரு காலத்தில் கைந்நூல்களுக்குப் பெருமையாக இருந்தது. அதனால் நேர்ந்த துன்பத்தை ஊரார் அறிவர். இப்போது நல்ல பதிவுகள் அத்தகைய இடங்களைச் சொல்லாமல் விடுகின்றன. கருமணற் கரையுடைய வையானபனபப் பூங்காவுக்கு வெளியூரார் முன்பதிவின்றிச் செல்ல 2021 முதல் இயலாது என்பதையும் முன்கூட்டியே அறிவிக்கின்றன. சொல்லாமையும் வழிகாட்டலின் பகுதியே என்பதை இவ்வொன்றிலேனும் அவை உணர்ந்திருப்பது பாராட்டத்தக்கது.

பதிவுக்குரலுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. அது மூப்படையாது, ஊரோ மாறும். மவுயியின் மேலைக் கரையில், 2023 ஆகஸ்டு 8ஆம் நாள் எழுந்த தீ, ஹவாயி அரசின் பழைய தலைநகராகிய லஹைனாவை அழித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன் பதிவு செய்த குரல் அத்தெருவில் இன்றும் ஒலிக்குமானால், இல்லாத மரவீடுகளை அது மகிழ்ச்சியோடு சுட்டிக்காட்டும்; அருகில் நிற்பவர் அங்கே தம் உற்றாரை இழந்தவராக இருக்கலாம். அச்சிட்ட நூலில் ஆண்டு குறித்திருக்கும், படிப்பவர் கணக்கிட்டுக்கொள்வர். குரலுக்கு ஆண்டில்லை. “இன்ன ஆண்டு, இன்ன திங்களில் பேசியது” என்று பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுதல் கட்டாயமாதல் வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

இவ்வளவு சொன்னபின், இக்குரல்கள் இல்லாதிருத்தலே நன்றோ என்று கேட்பார்க்கு ஒன்று கூறுவோம். இவை இல்லாவிட்டால் பயணி இன்னும் விரைவாகவும், இன்னும் அறியாமையோடும் செல்வார், அவ்வளவே வேறுபாடு. மேலும், இவற்றைத் திருத்துதல் நூலைத் திருத்துவதினும் எளிது. கலோ உழவர் ஒருவரை அழைத்து, கெயனாயிப் பகுதியை மட்டும் அவர் நடையில், அவர் ஒலிப்பில் பேசச் செய்து சேர்ப்பதற்கு ஒரு நாள் போதும். அத்தகைய பதிவு வெளிவருமானால் மற்றவற்றைக் கேட்பார் இரார்.

அதுவரையில் பயணிக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. இப்பதிவுகளிற் பெரும்பாலான கதைகள் போகும் வழிக்கே அமைந்தவை. ஹானாவிலிருந்து அதே சாலையில் மாலையில் திரும்புகையில் குரல் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். குளிர்காற்றை நிறுத்திச் சன்னலை இறக்கிவிட்டால், பாலத்துக்குப் பாலம் நீரின் ஓசை வேறுபடுவது கேட்கும். எந்தப் பாலத்தின் அடியில் ஓசை இல்லை என்பதும் கேட்கும்.